கிளாராவின் எண்ணூறும் லூர்து முசேயும்

“…முழு மார்க் வாங்கினவளக்கூட மன்னிச்சிடலாம், முழு மார்க் போட்டவன மட்டும் நம்பக் கூடாது சார்,” என்று சொல்லிக்கொண்டேதான் லூர்து முசே எங்கள் அலுவலகத்துக்குள் நுழைந்தார். பேச்சை எங்கே ஆரம்பித்தாரோ தெரியாது. நெல்லித்தோப்பு மார்க்கெட் முனையிலேயே ஆரம்பித்திருப்பார், எங்கள் வாசலுக்கு வருவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது. பின்னால் அவருடைய மகள் கிளாரா, கடன் வாங்கியவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள்.

முசே கையில் ஒரு தாள். அமெரிக்கக் காலேஜில் சேர எழுதுகிற சாட் பரீட்சையின் மார்க். மற்றப் பாடங்களிலும் நல்ல மார்க்தான், கணக்கில் மட்டும் எண்ணூறுக்கு எண்ணூறு. வேறு வீடாக இருந்தால் ஸ்வீட் பாக்ஸ் வந்திருக்கும். இந்த வீட்டிலிருந்து புகார் வந்தது.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், என் பழைய சீட்டில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கும் பிரியாதான். போன வாரம் போன் செய்தாள். “அக்கா, இப்ப நெறைய காலேஜுல மார்க் அனுப்பினாலும் சரி, அனுப்பலன்னாலும் சரிங்கறான். நீங்கல்லாம் எப்ப அனுப்பறதுன்னு அத்தன யோசிப்பீங்களாமே, அப்பிடி இன்னா யோசிச்சீங்க?” என்றாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா இது? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் பத்தாவது பாஸ். டைப்பிங் கற்றுக்கொள்ள ஞானசம்பந்தம் சாருடைய இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். லோயர், ஹையர் என்று முடித்து, பிறகு நானே பாடம் சொல்லித்தரும் ஆளாகி, அங்கேயே தங்கிவிட்டேன். ஒரு கட்டத்தில் டைப் அடிக்க ஆள் வருவது நின்றது. ஞானம் சார் மிஷின்களை விற்றுவிட்டு, அதே பெஞ்சுகளை வைத்துக்கொண்டு ‘வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை’ என்று போர்டு மாட்டினார். ஒவ்வொரு பெஞ்சிலும் மிஷின் திருகியிருந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. வருகிற பெற்றோர் பதற்றத்தில் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்துக்கொண்டே பேசுவார்கள். என் இங்கிலீஷ் முழுக்க அப்ளிகேஷன் படித்து வந்த இங்கிலீஷ். முதன்முதலில் எனக்குத் தப்பில்லாமல் வந்த வாக்கியம், ‘இந்தக் கட்டத்தில் எதுவும் எழுத வேண்டாம்’ என்பதுதான்.

ஞானம் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஆட்கள் முன்னால் அவர் உட்கார்ந்து, ஒரே ஒரு நாளைத் தவிர, நான் பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார். யாராவது பேச்சில் எங்கேயாவது போய்விட்டால் வாயாலேயே “டிங்” என்பார். இடது கையை நீட்டி, இல்லாத டைப்ரைட்டரின் கைப்பிடியை வலது பக்கமாக ஒரு தள்ளு தள்ளுவார். வரி முடிந்தது, அடுத்த வரிக்கு வா என்று அர்த்தம். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துபோவார்கள். ஆனால் பேச்சு தானாக வழிக்கு வந்துவிடும்.

மார்க் தாளை யார் கொண்டுவந்தாலும் அவருக்கு ஒரு முறை உண்டு. வாங்கி, பார்க்காமலே கவிழ்த்து வைப்பார். தண்ணீர் கொடுக்கச் சொல்வார். பிறகு, “எந்தக் காலேஜ்?” என்பார். எனக்குத் தனியாகச் சொல்லித்தந்தார்: “மார்க் எவ்வளவுன்னு கேட்டா அழுவாங்க செல்வி. காலேஜ் எதுன்னு கேட்டா யோசிப்பாங்க. யோசிக்கறவங்ககிட்டதான் நாம பேச முடியும்.”

விஷயம் என்னவென்றால், பரீட்சைக்குப் பெயர் கொடுக்கும்போதே நாலு காலேஜைச் சொல்லிவிட்டால் மார்க் இலவசமாகப் போய்விடும். ஆனால் எவ்வளவு என்று நமக்குத் தெரிவதற்கு முன்பே போய்விடும். தெரிந்துகொண்டு அனுப்பலாம் என்றால் தனியாகக் கட்டணம். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்றால், அந்தக் காலத்தில் எழுதிய மார்க் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் போகும். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்ப முடியாது. எப்போது அனுப்புவது என்ற இந்த ஒரு கேள்விக்காகக் குடும்பம் குடும்பமாக எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டையில் விரல் விட்டது.

அவர்கள் பேசியதெல்லாம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், “மில்லுல சங்கு ஊதுவான், உள்ள போவோம். இதுக்கு யாரு சார் ஊதுவா?” என்றார். ஞானம் சார் “டிங்” என்றார். காலாப்பட்டிலிருந்து வந்த மீன்கார அம்மா ஒருத்தி, “அனுப்பிட்டு வருத்தப்படறதா, அனுப்பாம வருத்தப்படறதா? அத மட்டும் சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்,” என்றாள். இன்னொருவர், மகனுடைய மார்க்கைப் பார்த்ததும், “மொதல்ல என் மச்சானுக்கு அனுப்புங்க. அவன் வயிறு எரியட்டும். காலேஜுக்கு அப்பறம் பாத்துக்கலாம்,” என்றார்.

இத்தனை பேரைப் பார்த்த எங்களுக்கே லூர்து முசே மாதிரி ஒரு அப்பா புதுசு.

எங்கள் ஊரில் பிரெஞ்சில் பாடம் நடத்துகிற வாத்தியாரை முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணக்கு வாத்தியார். பிரெஞ்சு முறையில் மார்க் இருபதுக்குத்தான். பத்து வாங்கினால் பாஸ், பன்னிரண்டு வாங்கினால் பரவாயில்லை, பதினாலு வாங்கினால் வீட்டில் கேக் வெட்டுவார்கள். லூர்து முசே வாழ்நாளில் பதினேழுக்கு மேல் யாருக்கும் போட்டதில்லை. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அவருடைய பழைய மாணவர் ஒருவர் டாக்டராக இருந்தார். நான் பிரஷர் பார்க்கப் போன இடத்தில் பேச்சுவாக்கில் முசே பெயரைச் சொன்னேன். மனுஷன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். “எனக்குப் பதினாறரை போட்டாரும்மா. அந்த அரை எங்க போச்சுன்னு இன்னிக்கும் தேடறேன்,” என்றார். என் பிரஷரைப் பார்க்க மறந்தே போனார்.

இப்படிப்பட்டவரிடம்தான் சொந்த மகளின் எண்ணூறு வந்து மாட்டியது.

ஞானம் சார் முறைப்படி தாளைக் கவிழ்த்தார். “தண்ணி குடிங்க முசே. எந்தக் காலேஜ்?”

“தண்ணி வேணாம். இத அனுப்பினா அவங்க என்ன நெனைப்பாங்க? பாண்டிச்சேரில ஒரு பொண்ணு, அப்பன் கணக்கு வாத்தி, பொண்ணுக்குக் கணக்குல முழு மார்க்கு. எங்கயோ இடிக்குதேன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“நீங்க கணக்கு வாத்தியார்னு அமெரிக்காக்காரனுக்கு எப்பிடிங்க தெரியும்?”

“அப்பா வேலை என்னன்னு அப்ளிகேஷன்ல கேட்டிருக்கான். இவ உண்மைய எழுதிட்டா.” அதை ஒரு குற்றத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

கிளாரா வாயைத் திறந்தாள். “அப்பா, நான் காப்பி அடிக்கல.”

“நீ அடிக்கலன்னு எனக்குத் தெரியும்மா. அவங்களுக்கும் அது தெரியணும்னா ரெண்டு கணக்காவது தப்பா இருக்கணும்.”

ஞானம் சார் தமிழ் ஸ்கூல் பக்கத்து ஆள். பிளஸ் டூவில் சென்டம் எடுத்தால் பேப்பரில் போட்டோ வர வேண்டும் என்று வளர்ந்தவர். இணையத்தில் மார்க் வந்த அன்று காலையிலேயே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் போட்டு, கிளாரா போட்டோவை எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர். இப்போது என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன். ஃப்ளெக்ஸ் பேச்சு அன்றோடு போச்சு.

கிளாராவுக்கு வானத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசை. சின்ன வயதிலிருந்தே பீச்சில் அண்ணாந்து பார்த்து நடந்து, ஐஸ்கிரீம் வண்டிமேல் மோதுகிற பெண். பெரிய டெலஸ்கோப் வைத்திருக்கும் ஒரே ஒரு காலேஜ் முழு உதவித்தொகை கொடுப்பதாக இருந்தது. வருஷம் முடிவதற்குள் மார்க் அங்கே போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பாரிஸில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போய் பார்மசி படிக்க வேண்டும். சித்தப்பா ஏற்கெனவே அவளுக்கு அறை ஒழித்து வைத்துவிட்டார்.

மார்க் அனுப்பக் கட்டணத்தை வெளிநாட்டில் செல்லுகிற கார்டில்தான் கட்ட முடியும். அப்போது எங்கள் தெருப்பக்கம் அப்படிக் கார்டு வைத்திருந்தவர்கள் பிரெஞ்சு அரசிடம் சம்பளமோ பென்ஷனோ வாங்குகிறவர்கள்தான். முசே கார்டில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டியிருக்கிறோம். அவர் மகளுக்கு மட்டும் அந்தக் கார்டு பர்ஸை விட்டு வெளியே வரவில்லை. நான் கிளாராவைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு யாரிடமாவது கேட்கவா என்றேன். “வேணாங்க்கா. அப்பா கார்டுலதான் போகணும். இல்லன்னா நான் கௌம்பற அன்னிக்கு அவர் ஏர்போர்ட்டுக்கு வர மாட்டாரு,” என்றாள்.

முசேயின் முடிவு இதுதான்: கிளாரா டிசம்பரில் இன்னொரு தடவை எழுதுவாள். இரண்டு கணக்கு தப்பாகப் போடுவாள். இரண்டு மார்க்கும் சேர்ந்து போகும், பார்ப்பவனுக்கு இது மனுஷப் பிறவி என்று தெரியும். “இடம் இருக்கான்னு விசாரிக்கறேன் முசே,” என்றார் ஞானம் சார். பிடிவாதக்காரர்களிடம் அவர் உடனே இல்லை என்று சொல்ல மாட்டார்.

நாலைந்து நாள் கழித்து முசேயின் மனைவி பெர்னா அக்கா வந்தார். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“இன்னா செல்வி இது அநியாயம்? வீட்டுல தப்பு டியூஷன் நடக்குது!”

“தப்பு டியூஷனா?”

“தப்பு போடக் கத்துக்குடுக்கறாரு. அவ ஒரு கணக்குல ஆறையும் ஏழையும் பெருக்கி நாப்பத்தஞ்சுன்னு எழுதிட்டா. அதுக்குக் கத்தறாரு பாரு, ‘இதுவா தப்பு? இது அசிங்கம்! தப்புன்னா கவுரவமா இருக்கணும், கடைசி வரில வரணும், பாக்கறவன் அடடான்னு வருத்தப்படணும்!’ன்னு. பொண்ணு ராத்திரி சாப்பிடல. சரியா தப்பு போட வரலையேன்னு அழுவுறா.”

ஞானம் சார் இடது கையைத் தூக்கினார். ‘டிங்’ வாய்வரை வந்து நின்றுவிட்டது. அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் முசேயையும் கிளாராவையும் வரச்சொன்னோம். சென்னை சென்டரில் டிசம்பருக்கு இடம் தீர்ந்துவிட்டது என்று சொன்னார் சார். முசே அசரவில்லை. கேரளாவுக்குப் போய் எழுதட்டும் என்றார்.

“அங்க இடம் கெடச்சாலும் மார்க் வர்றதுக்குள்ள காலேஜு கதவச் சாத்திடுவான் முசே. இன்னொண்ணு, இதுல கவுரவமான தப்பு, அசிங்கமான தப்புன்னு எதுவும் கெடயாது. வட்டத்தக் கறுப்பாக்கணும், அவ்ளோதான்.”

“வட்டமா?”

“நாலஞ்சு விடை குடுத்திருப்பான். சரியானதுக்கு நேரா இருக்கற வட்டத்தப் பென்சிலால கறுப்பாக்கணும்.”

“அப்ப அவ கணக்குப் போட்ட வழி?”

“அத யாரும் பாக்க மாட்டாங்க. மிஷின்தான் திருத்துது.”

முசே எழுந்து நின்றார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. “வழிய யாரும் பாக்கலையா? அத்தன கஷ்டப்பட்டு நான் சொல்லிக்குடுத்த வழி…” என்று நிறுத்தினார். பிறகு குரல் ஏறியது. “ஒரு மனுஷப் பிள்ளை எவ்வளவு நல்லா எழுத முடியும்னு மிஷினுக்கு என்ன தெரியும்? அதுபாட்டுக்கு எண்ணூறுன்னு போட்டுடுது! நோன், முடியாது. இத அனுப்ப மாட்டேன். அவ பாரிஸ் போகட்டும், பார்மசி படிக்கட்டும்.”

வெளியே எதிர்வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கில் கழி சரிந்து, ஒருவரையொருவர் திட்டும் சத்தம் கேட்டது. கிளாரா பெஞ்சு ஓட்டையிலிருந்து விரலை எடுத்தாள்.

“அப்பா, மிஷின நம்ப வேணாம். நீங்களே பேப்பர் போடுங்க. இங்கயே எழுதறேன். நீங்க எவ்வளவு போடறீங்களோ, அதப் பாத்துட்டு அனுப்பலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.”

முசே அவளை மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “எத்தனைக்கு?”

“இருபதுக்கு.”

“பொன்,” என்றார். பிரெஞ்சில் அதற்குச் ‘சரி, ஆகட்டும்’ என்று அர்த்தம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு சனிக்கிழமை காலையில் பரீட்சை. முசே கைப்பட எழுதிய கேள்வித்தாளை உறையில் போட்டு, ஓரத்தில் மெழுகுவைத்து ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கிளாராவின் டப்பாவைத் திறந்து ரப்பரைப் புரட்டிப் பார்த்தார். முடியில் இருந்த கிளிப்பைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார். பெர்னா அக்கா டிபன் கேரியரோடு வந்தார். “பரீட்சை ஹாலுக்குள்ள இட்லி கூடாது,” என்று முசே அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

பிறகு என்னிடம் திரும்பினார். “நீங்க கணக்குல எவ்வளவு?”

“பத்தாவதுல முப்பத்தஞ்சு முசே.”

“நல்லது. அவ பக்கத்துல உக்காருங்க.” ஞானம் சாரைப் பார்த்தார். “நீங்க?”

“பி.காம். முசே.”

“நீங்க வெளிய நில்லுங்க.”

சொந்த அலுவலகத்து வாசலில் ஞானம் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் பெர்னா அக்கா இட்லியோடு நின்றார்.

கிளாரா எழுதினாள். முசே ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை அவள் பேனாவைக் கீழே வைத்துக் கண்ணை மூடியபோது, அவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது. தப்பு வர வேண்டும் என்றா, வரக் கூடாது என்றா?

நேரம் முடிந்ததும் தாளை வாங்கி, ஞானம் சாருடைய மேசையில் உட்கார்ந்து, சிவப்பு பேனாவைத் திறந்தார். எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம்.

ஒருவர் பேப்பர் திருத்துவதை அத்தனை நேரம் உட்கார்ந்து பார்த்தது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். முதலில் விடைகளைப் பார்த்தார். பிறகு வழிகளைப் பார்த்தார். பிறகு தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எங்காவது அழித்து எழுதியிருக்கிறாளா என்று பார்த்தார். விடைகளுக்குக் கீழே போட்ட கோட்டின்மேல் தன் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கோடு நேராக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், கமா போடுவார்கள். ஒவ்வொரு கமாவையும் பேனா முனையால் தொட்டுத் தொட்டுப் போனார். ஒரு இடத்தில் பேனா நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதுவும் கமாதான், மை கொஞ்சம் குறைவு, அவ்வளவே. இவளுக்குக் கற்றுத்தந்தவர் அவர்தானே, அவர் எதற்கு மார்க் குறைப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

கடைசித் தாளிலிருந்து மறுபடி முதல் தாளுக்கு வந்தார். நெற்றியில் வியர்வை. சிவப்பு பேனா காகிதத்தைத் தொடாமல் காற்றிலேயே சுற்றியது. பெர்னா அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

“வுவாலா!” என்றார் முசே திடீரென்று. பிரெஞ்சில் ‘இதோ’ என்று அர்த்தம்; அவர் சொன்ன விதத்தில் ‘மாட்டிக்கொண்டது’ என்று கேட்டது.

கிளாரா எழுந்துவிட்டாள். “எந்தக் கணக்குப்பா?”

“மூணாவது.”

“தொட்டிக் கணக்கா? ரெண்டு குழாய் தெறந்தா எப்ப ரொம்பும்னு கேட்டது. அது சரிதாம்ப்பா, நான் ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன்.”

“விடை சரிதான். கேள்வி தப்பு.”

“கேள்வியா?”

“தொறந்த தொட்டின்னு எழுதியிருக்கேன். மழ பேஞ்சுதா இல்லையான்னு எழுதல. மழ பேஞ்சா சீக்கிரம் ரொம்பிடும். கேள்வி செல்லாது.” சிவப்பு மையால் தன் கையெழுத்தில் இருந்த மூன்றாவது கேள்வியின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோணல் இல்லாத கோடு. “போட்டவன் தப்பு. மூணு மார்க் கேள்வி அது, கழிச்சாச்சு.”

கழித்த பிறகு மிச்சம் இருந்ததைக் கூட்டினார். விடைத்தாளின் மேல் மூலையில் பெரிதாகப் பதினேழு என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டார். கீழே எத்தனைக்கு என்று எழுதவில்லை. முகம் விடிந்துவிட்டது. பல நாள் ஜுரம் இறங்கிய ஆள் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

ஞானம் சாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “முசே, மூணக் கழிச்சா மொத்தமே பதினேழுதானே? அப்ப இதுவும் முழு…”

“டிங்!” என்றார் முசே. இடது கையை நீட்டி, இல்லாத கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

ஞானம் சார் அன்றுதான் ஆட்கள் முன்னால் உட்கார்ந்தார்.

முசே பர்ஸைத் திறந்து கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். “பதினேழு நான் போட்டது. என் கணக்குல அது போதும். அவங்க மிஷின் அவங்க இஷ்டத்துக்கு எண்ணூறு போட்டா போட்டுட்டுப் போகட்டும். அனுப்புங்க.”

கம்ப்யூட்டர் முன்னால் கிளாரா உட்கார்ந்தாள். காலேஜ் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். முசே கார்டு நம்பரைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நான் அவசரப்பட்டு அடிப்பதைப் பார்த்து, “மொள்ள அடிங்க செல்வி, தப்பு வந்துடப் போகுது,” என்றார். கடைசிப் பொத்தானைக் கிளாராதான் அழுத்தினாள். போய்விட்டது என்று திரையில் வந்ததும் பெர்னா அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, நேராக டிபன் கேரியரைத் திறந்தார். இட்லி ஆறிப்போயிருந்தது. எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு வந்தது.

கிளாரா இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே மேசைக்குப் போய்க் கேள்வித்தாளைப் பார்த்தாள். “அப்பா, அடிச்ச கேள்வி இப்பிடியே போச்சா?”

“ஏன் போகணும்? மழ இல்லன்னு ஒரு வரி சேத்து வெக்கறேன். லீவுக்கு வருவே இல்ல? அப்ப எழுது.”

சொல்லிவிட்டு, கேள்வித்தாளின்மேல் ஸ்கேலை அழுத்தி வைத்து, மூன்றாவது கேள்வியை மட்டும் பிசிறில்லாமல் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.